ஜெர்மனியில் குடியுரிமை விண்ணப்பம் ஒன்றரை ஆண்டாக நிற்கிறது. வழக்குப் போடலாமா? போட்டால் கோபித்துக்கொண்டு நிராகரித்துவிடுவார்களா?

போடலாம். வழக்குப் போட்டதற்காக உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் நீதிமன்றம் போனால் செலவு உங்கள் தலையில் விழும்.

கேட்ட ஆவணங்களையெல்லாம் கொடுத்துவிட்டதாகவும், மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை என்றும், இந்த நிலையில் வேலை மாறலாமா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் நார்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் இருக்கிறேன். இதே வரிசையில் நின்று குடியுரிமை பெற்றவன். எனக்குத் தெரிந்த பலர் இன்னும் நிற்கிறார்கள்.

முதலில் அந்த அச்சத்தைப் பற்றி. ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவில் அன்னதான வரிசையில் தெரிந்தவர் இருவர் சந்தித்தால், பிள்ளைகள் நலமா என்பதற்கு அடுத்த கேள்வி, "உங்கள் ஃபைல் எங்கே நிற்கிறது?" என்பதுதான். பிறகு குரல் தாழும். "கேட்கப் போய் அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டால்?" தாலுகா அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கைகட்டி நின்று வளர்ந்த நமக்கு இந்த அச்சம் இயல்பாக வருகிறது. இங்கே அதற்கு அடிப்படை இல்லை. ஜெர்மன் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, நிபந்தனைகள் நிறைவேறினால் குடியுரிமை உங்கள் உரிமை. ஐந்தாண்டு சட்டபூர்வ வசிப்பு, பி1 நிலை (இடைநிலை) ஜெர்மன் மொழி அறிவு, ஜெர்மன் சட்டமும் சமூகமும் பற்றிய 33 கேள்விகளில் 17க்குச் சரியான விடை தர வேண்டிய தேர்வு, அரசு உதவியை நம்பாத வருமானம், குற்றப் பின்னணி இல்லாமை, அரசமைப்பின் அடிப்படைகளை ஏற்கும் உறுதிமொழி ஆகியவை முக்கியமான நிபந்தனைகள். இவை எல்லாம் இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனம் வைத்துத் தருவதற்கு அங்கே எதுவும் இல்லை. தந்தே ஆக வேண்டும்.

பின் ஏன் இந்தத் தாமதம்? சட்டம் கூட்டாட்சி அரசுடையது; அதை நிறைவேற்றுவது மாநிலங்களும் நகராட்சிகளும் மாவட்டங்களும். பக்கத்து ஊரில் சில மாதங்களில் முடிவது உங்கள் ஊரில் இரண்டு ஆண்டு ஆவது இதனால்தான். 2015, 2016 ஆண்டுகளில் அகதிகளாக வந்த சிரிய நாட்டு மக்கள் தகுதிபெறும் காலமும், 2024 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமும் சேர்ந்துகொண்டன. அந்தத் திருத்தம் எட்டாண்டு நிபந்தனையை ஐந்தாகக் குறைத்தது. இரட்டைக் குடியுரிமையையும் அனுமதித்தது. 2023இல் சுமார் 2 லட்சம் பேர் குடியுரிமை பெற்றார்கள். 2024இல் அது சுமார் 2,92,000 ஆனது. ஆகவே அலுவலகங்கள் வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பங்கள் பெருகிய வேகத்துக்கு ஆட்களை எடுக்கவில்லை. பெர்லினில் 12 வட்டார அலுவலகங்களில் சிதறிக் கிடந்த வேலையை 2024 ஜனவரியில் ஒரே மைய அலுவலகத்துக்கு மாற்றினார்கள். தேங்கிக் கிடந்த பல்லாயிரம் கோப்புகளும் அதோடு இடம் மாறின. போதாததற்கு ஒவ்வொரு கோப்புக்கும் போலீஸ், உள்நாட்டு உளவுத்துறை, குற்றப் பதிவேடு எனத் தனித்தனியே பதில் வர வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் நீங்கள் கொடுத்த சம்பளச் சீட்டுகள் பழசாகிவிடும். புதியவற்றைக் கேட்டு மறுபடியும் ஒரு கடிதம் வரும்.

"காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அதுதான் வதிவிட அனுமதி இருக்கிறதே" என்று இங்கே சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். குறைகிறது. எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் முதியோர் இல்லத்தில் செவிலியர். 2025 பிப்ரவரி 23 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்திய வாரங்களில், நடக்க முடியாத முதியவர்களின் தபால் வாக்கு உறைகளை, அந்தச் சிவப்பு உறைகளை, சேகரித்துத் தபால் பெட்டியில் போட்டவர் அவர். கண் தெரியாத ஒரு பாட்டிக்கு வேட்பாளர் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்தும் காட்டியிருக்கிறார். தேர்தல் நாளன்று கணவரும் மகளும் பள்ளிக்கூடத்துக்குள் போய் வாக்களித்துவிட்டு வந்தார்கள். அக்கா வாசலில் நின்றார். விண்ணப்பம் அதற்கு வெகு முன்பே கொடுத்தது, எல்லா நிபந்தனையும் நிறைவேறியது. அந்த வாக்கை இனி யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மன் சமூகத்தோடு சிறப்பாக ஒன்றிப்போனவர்களுக்கு மூன்றே ஆண்டில் குடியுரிமை என்ற வழி 2025 அக்டோபர் இறுதியில் நீக்கப்பட்டது. முடிவு எடுக்கும் நாளில் எந்தச் சட்டம் இருக்கிறதோ அதுதான் பொருந்தும். ஆகவே அந்த வழியில் விண்ணப்பித்து, கோப்பு திறக்கப்படாமலே கிடந்தவர்கள் ஐந்தாண்டு விதிக்குள் தள்ளப்பட்டார்கள். அலுவலகத்தின் தாமதத்துக்கு விண்ணப்பதாரர் விலை கொடுப்பது என்றால் இதுதான். இதை அநியாயம் என்றே சொல்வேன்.

இனி வழக்கு. நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, விண்ணப்பித்து மூன்று மாதமாகியும் போதிய காரணமின்றி முடிவெடுக்காத அலுவலகத்தின் மீது வழக்குத் தொடரலாம். 'உன்டேட்டிக்கைட்ஸ்கிளாகே' என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். விண்ணப்பம் முழுமையாக இல்லை, வெளித்துறையின் பதில் இன்னும் வரவில்லை என்பதெல்லாம் போதிய காரணமாகலாம். ஆண்டுக்கணக்கில் ஆள் பற்றாக்குறை என்பதைப் பொதுவாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. திடீரென்று குவிந்த வேலையைச் சில வேளை ஏற்று, அலுவலகத்துக்கு ஒரு கெடு கொடுத்து வழக்கை நிறுத்தி வைப்பார்கள். அந்தக் கெடுவே உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நீதிமன்றம் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை: விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, கோப்பு எண், கேட்ட ஒவ்வொரு ஆவணமும் என்று அனுப்பப்பட்டது என்பதற்கான சான்று. பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். விண்ணப்பித்த நாள், கோப்பு எண், எல்லாம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்ற ஒரு வரி, நான்கு வாரக் கெடு, அதன் பின் 75ஆம் பிரிவின்படி வழக்கு என்ற இன்னொரு வரி. வேறு எதுவும் வேண்டாம். மன்றாட்டும் வேண்டாம், கோபமும் வேண்டாம். எனக்கு வந்த தானியங்கிப் பதிலில் 'விண்ணப்பத்தின் நிலை குறித்து விசாரிக்க வேண்டாம், அது வேலையை மேலும் தாமதப்படுத்தும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் படித்துப் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். சட்டம் தந்திருக்கும் உரிமையை ஒரு தானியங்கி மின்னஞ்சல் எடுத்துவிட முடியாது. நான் மேலே சொன்ன கடிதம்தான் அனுப்பினேன். கெடு முடியும் முன்பே, புதிய சம்பளச் சீட்டுகளைக் கேட்டுப் பதில் வந்தது.

பதில் வராவிட்டால் வழக்கு. முதல் நிலை நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனாலும் குடியுரிமை வழக்குகளில் பழகிய ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. நீதிமன்றக் கட்டணமாகப் பல நூறு யூரோ முதலிலேயே கட்ட வேண்டியிருக்கும். வழக்குக்கு முன்பே முடிவை எதிர்பார்க்க உங்களுக்கு நியாயம் இருந்து, வழக்குக்குப் பின்தான் அலுவலகம் முடிவெடுத்தது என்றால், செலவை அலுவலகம் ஏற்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 161ஆம் பிரிவு. உங்கள் கோப்பில் ஓட்டை இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

வழக்குப் போடுகிறவர் வரிசையில் முந்துகிறார், பணமில்லாதவர் பின்தங்குகிறார் என்ற மனவருத்தம் எனக்கும் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் ஆள் எடுக்காத அரசின் குறையை, வாய்திறக்காமல் நிற்கும் விண்ணப்பதாரர்கள் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை மாறுவது பற்றிக் கேட்டீர்கள். தடையில்லை. ஆனால் புதிய வேலையின் தகுதிகாண் காலம் முடியும்வரை, பெரும்பாலும் ஆறு மாதம், கோப்பைத் தள்ளிவைக்கும் அலுவலகங்கள் உண்டு. முடிந்தால் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பின் மாறுங்கள். வேறு ஊருக்குக் குடிபோவது அதைவிடச் சிக்கல்: பொதுவாகக் கோப்பு புதிய ஊருக்குப் போகும், அங்கே வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கும். அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வசிப்புக் காலம் அறுபடாது. வதிவிட அனுமதியும் கடவுச்சீட்டும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் ஒன்று கூடுதலாக. நம்மில் பலர் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். இங்கே அப்பா பெயரையும் நம் பெயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பதிந்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வதிவிட அட்டை மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் விளக்கக் கடிதம் ஒன்றைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். குடியுரிமை கிடைத்த பின் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்துப் பதிய பதிவு அலுவலகத்தில் வழி இருக்கிறது.

இரட்டைக் குடியுரிமையை ஜெர்மனி அனுமதித்தாலும் இந்தியா அனுமதிப்பதில்லை. ஜெர்மன் சான்றிதழைக் கையில் வாங்கும் நொடியில் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதன் பின் இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யக் கூடாது. அதைத் துணைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் தரும் நாளுக்கு நெருக்கமாக ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.