இரவு இரண்டு மணி விழிப்பும் தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் மனமும்

கேள்வி: எனக்கு வயது 47. வங்கியில் பணிபுரிகிறேன். ஆறு மாதங்களாகப் பெரும்பாலான நாட்களில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அலுவலகத்தில் நேர்ந்த சிறு பிழைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, 'தூங்கக்கூடத் துப்பில்லை' என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். 'உன்னிடம் நீயே அன்பாகப் பேசு, இனிமையான இடத்தைக் கற்பனை செய்' என்கிறார் தோழி. இதில் பலன் உண்டா, மாத்திரைதான் தேவையா? – வாசகி, மதுரை

பதில்: பலன் உண்டு. ஆனால், உடனே தூங்கியாக வேண்டும் என்ற கண்டிப்போடு செய்தால் அது பலிக்காது.

இரவில் சில முறை விழிப்பு வருவது எல்லோருக்கும் இயல்பு; அந்த விழிப்பை நீளச் செய்வது அதைத் தொடரும் வசவுதான். வெளியிலிருந்து வரும் மிரட்டலுக்கு உடல் எப்படி விழித்துக்கொள்கிறதோ, அப்படியே நம்மை நாமே கடிந்துகொள்ளும்போதும் விழித்துக்கொள்கிறது என்பது பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட்டின் விளக்கம். இதயம் வேகமாகத் துடித்து, தசைகள் இறுகிய நிலையில் தூக்கம் எப்படி வரும்? 'இதை நினைக்கவே கூடாது' என்று தடை போடுவதும் உதவாது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே கரடி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

ஆகவே, விழிப்பு வந்ததும் முதலில் நெஞ்சின் மேல் கையை வைத்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சைச் சற்று நீளமாக விடுங்கள். பிறகு, இதே நிலையில் உங்கள் தோழி இருந்தால் அவரிடம் எந்தக் குரலில் பேசுவீர்களோ அந்தக் குரலில், 'கணக்கில் பிழை வந்தது உண்மைதான், காலையில் பார்த்துக்கொள்ளலாம். இந்நேரத்தில் விழித்துக் கிடப்பது நான் ஒருத்தி மட்டுமல்ல' என்று மனத்துக்குள் சொல்லுங்கள். இதில் பொய்யான புகழ்ச்சி வேண்டாம்; மனம் அதை நம்பாது. தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும், சிலருக்கு அழுகைகூட வரும். அப்படியானால் பேச்சை நிறுத்திவிட்டு நேரே தோழி சொன்ன கற்பனைக் காட்சிக்குப் போய்விடலாம்.

காட்சி விவரங்கள் நிறைந்ததாக இருக்க வேண்டும். ஆடுகளை எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை. அது மனத்தைப் போதிய அளவு நிரப்பாததால் கவலை இடையில் நுழைந்துவிடும். தூக்கமின்மை உள்ளவர்களிடம் ஆய்வாளர்கள் ஆலிசன் ஹார்வியும் சுசன்னா பெய்னும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இனிமையான காட்சியில் மனத்தைச் செலுத்தியவர்கள், எந்த வழிகாட்டலும் பெறாதவர்களைவிட விரைவில் தூங்கியதாகக் கூறினர். நீங்கள் மதுரைக்காரர் என்பதால் அழகர்மலை ஏறுவதாகவே வைத்துக்கொள்ளுங்களேன்: மர நிழல், காலடியில் சருகு, நூபுர கங்கை நீரின் குளிர்ச்சி (குரங்குகளை மட்டும் விட்டுவிடலாம்). மறைந்த உறவினரின் வீடுபோல ஏக்கத்தைக் கிளறும் இடம் வேண்டாம். மனக்கண்ணில் உருவம் எழாதவர்கள் ஒலியையும் மணத்தையும் தொடுகையையும் நினைத்தால் போதும். மனம் அலுவலகத்துக்கு ஓடினால் கடிந்துகொள்ளாமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பகலில் பத்து நிமிடம் பழகி வைத்தால் இரவில் எளிதாகக் கைவரும்.

ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்திருங்கள். கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்புங்கள்.

வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை. உங்களுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டதால், மேற்சொன்ன பயிற்சியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் 'தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை'. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெப்பமும் வியர்வையும், தைராய்டு கோளாறு, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, மனச்சோர்வு ஆகியவையும் நள்ளிரவில் எழுப்பிவிடக்கூடும் என்பதால் மருத்துவரை நேரில் பாருங்கள். அல்பிரசோலம் போன்ற, பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரைகளைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே பழகியிருந்தால் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், சந்திப்புக்கான நாள்வரை காத்திராமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணை அந்த இரவிலேயே அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம்.