வீட்டில் ஓடுகிறது, ஃபேக்டரியில் ஓடவில்லை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கோத்தகிரியில் சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கும் ஒரு ஃபேக்டரிக்கு பைதானில் எடைக்கணக்கு புரோகிராம் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பட்டியலும் மாத விலையும் ‘டேட்டா’ ஃபோல்டரில் இரண்டு சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) ஃபைல்கள். என் உபுண்டு லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது. வீல் (பைதான் புரோகிராமை இன்ஸ்டால் செய்வதற்கான ஒற்றை ஃபைல்) கட்டி ஃபேக்டரியின் விண்டோஸ் மெஷினில் போட்டால் ஃபைலே இல்லை என்கிறது. கையால் காப்பி செய்து வைத்தாலும் ஷார்ட்கட்டில் திறந்தால் எடுப்பதில்லை. ஃபைல் இருக்கும் முழு பாத்தையும் (ஃபோல்டர் முகவரியை) கோடிலேயே எழுதிவிடலாமா?

க., கோத்தகிரி

அன்புள்ள க.,

வேண்டாம். அடுத்த மெஷினில் அந்த பாத் இருக்காது.

உங்களிடம் இருப்பது இரண்டு கோளாறு. ஃபைலைத் திறக்கும் ‘ஓப்பன்’ ஃபங்ஷனுக்குள் வெறும் ‘டேட்டா/ஊர்கள்.சிஎஸ்வி’ என்று கொடுத்தால், புரோகிராம் எந்த ஃபோல்டரில் நின்று கிளம்பியதோ அங்கேதான் பைதான் தேடும். கோடு இருக்கும் இடத்தில் அல்ல. ஷார்ட்கட்டில் அதை முடிவு செய்வது ‘ஸ்டார்ட் இன்’ கட்டம். இரண்டாவது, வீலுக்குள் உங்கள் சிஎஸ்வி போகவே இல்லை. வீட்டில் இது தெரியாததற்குக் காரணம் ‘பிப் இன்ஸ்டால் -இ’ என்று இன்ஸ்டால் செய்வது. அது எதையும் காப்பி செய்வதில்லை, உங்கள் சோர்ஸ் ஃபோல்டரைக் கைகாட்டிவிட்டுப் போய்விடும். அங்கே எல்லா ஃபைலும் இருக்கிறதே!

டேட்டா ஃபோல்டரை பேக்கேஜ் ஃபோல்டருக்கு (உங்கள் கோடு இருக்கும் ஃபோல்டர்) உள்ளே நகர்த்துங்கள். வீல் கட்டுவது செட்டப்டூல்ஸ் என்றால் பைப்ராஜெக்ட் ஃபைலில் ‘பேக்கேஜ்-டேட்டா’ பகுதியில் பேக்கேஜ் பெயருக்கு நேராக ‘டேட்டா/*.சிஎஸ்வி’ என்று சேருங்கள். கோடில், பைதானோடு வரும் இம்போர்ட்லிப்.ரிசோர்சஸின் ஃபைல்ஸ் ஃபங்ஷனுக்கு பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, அங்கிருந்து ஃபைலைப் பிடியுங்கள். பைதான் 3.9 முதல் இருக்கிறது. எஸ்க்யூலைட் மாதிரி டிஸ்க்கில் நிஜ பாத் கேட்கும் லைப்ரரிக்கு மட்டும் ‘ஆஸ்_ஃபைல்’ வேண்டும்.

படிக்கும்போது என்கோடிங்கை (எழுத்துகள் ஃபைலில் பதிவாகும் முறையை) ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கட்டாயம் எழுதுங்கள். சும்மா விட்டால் பல விண்டோஸ் மெஷின்களில் கட்டபெட்டு, நெடுகுளா போன்ற ஊர்ப் பெயர்கள் கிறுக்கலாக வரும். எக்செலின் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். வெறும் ‘யுடிஎஃப்-8’ என்று படித்தால் அது முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணெதிரே இருக்கும் ‘ஊர்’ நெடுவரிசையையே இல்லை என்று எரர் கொடுக்க வைக்கும். சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தாலோ தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிதான். மீட்க வழியில்லை.

ஊர்ப் பட்டியல் மட்டும் அங்கே இருக்கட்டும், மாத விலையை பேக்கேஜுக்குள் வைக்காதீர்கள். தேயிலை வாரியத்தின் பச்சைத்தேயிலை விலை மாதாமாதம் மாறும். கணக்குப் பிள்ளை திருத்திய ஃபைலை உங்கள் அடுத்த அப்டேட் மிதித்துவிடும். பிளாட்ஃபார்ம்டிர்ஸ் லைப்ரரி சொல்லும் யூசர் டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். பலர் தனித்தனி லாகினில் வந்தால், எல்லாருக்கும் பொதுவான சைட் டேட்டா ஃபோல்டர். அதில் எல்லாருக்கும் எழுத அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை ஃபைலின் பாத்தைச் சொல்லும் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (புரோகிராமுக்கு வெளியே வைக்கும் அமைப்பு) இருந்தால் முதலில் அதைப் பார்க்கும்படி எழுதிவிட்டால், நிஜ விலையைத் தொடாமல் வீட்டில் பொய் விலையோடு சோதிக்கலாம்.

ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் முன், பழைய ‘பில்ட்’ ஃபோல்டரை அழித்துவிட்டு வீலைப் புதிதாகக் கட்டுங்கள். வீல் என்பது ஜிப்தான், திறந்து சிஎஸ்வி உள்ளே இருக்கிறதா பாருங்கள். பிறகு புது வென்வில் (தனியாக ஒதுக்கிய பைதான் சூழலில்) ‘-இ’ இல்லாமல் போட்டு, ப்ராஜெக்டை விட்டு வெளியே வந்து வேறொரு ஃபோல்டரில் நின்று ஓட்டுங்கள். ப்ராஜெக்டுக்குள் நின்றே ஓட்டினால், பைதான் இன்ஸ்டால் ஆனதை விட்டுவிட்டு பக்கத்திலிருக்கும் சோர்ஸையே எடுத்துக்கொள்ளக்கூடும்.