குரலை விடுங்கள், தாளை வாசிக்கத் தெரியுமா?

கேள்வி: மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளராகத்தான் வருவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். குரல் நல்ல இனிமை என்று பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் எல்லாரும் சொல்கிறார்கள். இந்தியத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்களைப் பார்த்துப் பேசியும் பழகுகிறாள். கொழும்பில் மூன்று மாதப் பயிற்சிக்கு 60,000 ரூபா கேட்கிறார்கள். முடித்தால் வேலை நிச்சயமாம். கட்டலாமா?
- பெயர் வேண்டாம் என்ற தாய், களுவாஞ்சிகுடி

பதில்: கட்டவேண்டாம், அம்மா. வேலை நிச்சயம் என்கிறவர்களிடம், எந்த நிலையத்தில் என்று எழுத்தில் தரச்சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். சான்றிதழைப் பார்த்து யாரும் அறிவிப்பாளர் எடுப்பதில்லை. முன்பின் பாராத ஒரு தாளைக் கையில் கொடுத்து, ஒலிவாங்கிக்கு முன் இருத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பார்கள். அந்தத் தாள்தான் பரீட்சை.

இனிமையான குரல் ஊருக்குப் பத்துப் பேரிடம் உண்டு. எழுதியதைப் பொருள் பிரித்து, தடக்குப்படாமல், பேசுவதுபோல வாசிக்கிறவர் அரிது. இலங்கை வானொலியைத் தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருந்த காலத்தின் குரல்கள் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். இவர்களில் ராஜேஸ்வரி சண்முகமும் அப்துல் ஹமீதும் வானொலி நாடகத்தில் ஊறியவர்கள். இன்னொருவர் எழுதிய வசனத்தைத் தன் பேச்சாக்கிக் கொள்ளும் வித்தை அங்கேதான் கைவரும். மட்டக்களப்பில் அதற்குப் பஞ்சமா? தமிழ்த்தினப் போட்டி இருக்கிறது, கூத்து இருக்கிறது, கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். கூத்துக்காரரின் குரல் களரியின் கடைசி ஆளுக்குப் போகவேண்டியது. ஒலிவாங்கியோ ஒரு சாணுக்குள் இருக்கிறது. மேடைக் குரலை அப்படியே கொண்டுவந்தால் காது கிழியும்.

பயிற்சிக்குப் பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலை எடுத்துக் கொடுங்கள். சிரிக்கவேண்டாம், அதைவிடக் கடினமான வாசிப்பு இந்தத் தொழிலில் இல்லை. பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், நேரம், இடம் எல்லாம் இரண்டே வசனத்துக்குள் இருக்கும். 'காலஞ்சென்ற இன்னார், இன்னார் தம்பதிகளின் அன்புப் புதல்வி' என்று ஒரு வரி வரும். தகப்பன் இல்லை, தாய் இருக்கிறார் என்பது அதன் பொருள். முதற் பெயருக்குப் பிறகு நிறுத்தாமல் சேர்த்து வாசித்தால் உயிரோடிருக்கும் தாயையும் காலமாக்கிவிடுவோம். அடுத்த நிமிடம் நிலையத்துத் தொலைபேசி அலறும். 'காலஞ்சென்றவர்களான' என்று வந்தால் இருவருமே இல்லை. இந்தச் சின்ன வேறுபாட்டைக் கண் முன்கூட்டியே பிடிக்கவேண்டும். வாய் முதற் சொல்லில் இருக்கும்போது கண் அடுத்த சொற்றொடரில் இருக்கவேண்டும் என்று பழக்குவது இதற்காகத்தான்.

நமது பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்துக் குடும்பத்து அறிவித்தலில் இறுதிக்கிரியை, மயானம் என்று வரும். கத்தோலிக்கருக்குத் திருப்பலி, சேமக்காலை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பத்து அறிவித்தல்களில் ஜனாஸா, மையவாடி. ஒருவருடைய சொல்லை இன்னொருவருக்குப் போட்டால் அந்த ஊர் நெடுங்காலம் மறக்காது. ஊர்ப்பெயர்களும் அப்படியே. கொக்கட்டிச்சோலையும் சாய்ந்தமருதும் பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கலாம். தெஹியத்தகண்டிய, உஹன, மஹாஓயா என்று அம்பாறை மாவட்டத்துச் சிங்களப் பெயர்கள் வந்தால் நாக்கு நிற்கக்கூடாது.

மாரியில் வெள்ள அறிவித்தல். 'உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் 6 அங்குலம் திறக்கப்பட்டுள்ளன' என்பதை 6 அடி என்று வாசித்தால் கீழே படுவான்கரையில் ஆட்கள் பாய் சுருட்டத் தொடங்குவார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டங்கள் இவை. இங்கே இலக்கத்தில் தவறு விடுவது விளையாட்டல்ல. ஆகவே தாளில் உள்ள இலக்கங்களையும் அலகுகளையும் முதலில் வட்டமிட வேண்டும். பிறகு மூச்சு எடுக்கும் இடத்தில் சாய்கோடு. தாள் ஒரு பக்கம் மட்டும் அச்சாகியிருக்கவேண்டும், எழுத்து 16 புள்ளிக்குக் குறையக்கூடாது, ஒரு வசனம் அடுத்த தாளுக்குத் தாவக்கூடாது. தாள்களைச் சேர்த்துப் பின் ஊசி அடிக்கக்கூடாது, புரட்டும் சத்தம் அப்படியே ஒலிபரப்பாகும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். ஆங்கிலச் செய்தியின் வேகத்தைத் தமிழுக்குக் கேட்பவர்கள், நமது ஒரு சொல்லுக்குள் அவர்களுடைய மூன்று சொல் இருப்பதை யோசிப்பதில்லை.

இதற்கெல்லாம் கலையகம் வேண்டாம், கைத்தொலைபேசி போதும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன் இருந்தால் அறையின் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்தவேண்டும். தொலைபேசி வாயிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப' வெடிக்கும், 'ச' சீறும். பதிந்ததை அன்றே கேட்கவேண்டாம், மறுநாள் கேட்கட்டும். ல, ள, ழ மூன்றும் வேறுவேறாகக் கேட்கிறதா, வசனத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறதா என்று பார்க்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு மூச்சு முடிந்து அந்தக் கடைசிச் சொல்தான் காணாமற் போகிறது. தமிழில் வினைமுற்று அங்கேதான் இருக்கிறது, நடந்ததா நடக்கவில்லையா என்பதே அதில்தான்!

இந்தியத் தொகுப்பாளரைப் பார்த்துப் பேசுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 1998 இல் சூரியன், சக்தி என்ற தனியார் வானொலிகள் வந்தபிறகு வானொலியில் அறிவிப்பு குறைந்து அரட்டை கூடியது உண்மை. அதற்காகச் சென்னைத் தமிழைக் கடன் வாங்க வேண்டியதில்லை. செய்தியில், 'பிறகு' என்பதற்கு நம் ஊரில் சொல்லும் 'மறுகா' வேண்டாம். நேயரோடு பேசும் நிகழ்ச்சியில் அது வந்தால் ஒளிக்கவும் வேண்டாம், ஏறாவூரில் கேட்கிறவர் நிலையத்தை மாற்றமாட்டார்.

தொலைக்காட்சி ஆசை இருந்தால் சிங்களம் வேண்டும். கலையகத்தில் கமராக்காரர், ஒலிக்காரர் பலரும் சிங்களத்தில் வேலை செய்கிறவர்கள். காதுக்குள் 'பஹ, ஹதர, துன, தெக' (ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு) என்று சிங்களத்தில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும்போது வாய் தமிழில் பேசி, 'எக' (ஒன்று) வரும்போது முடிக்கவேண்டும். ஒரு காதில் வானொலியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசித்துப் பழகலாம். பின்னணிக்கு வேறு படம் பொருத்துவதற்கான பச்சைத் திரைக்கு முன் பச்சைச் சேலை கட்டினால் தலையும் கையும் மட்டும் மிதக்கும். அதையும் சொல்லிவைக்கிறேன்.

வருமானத்தை மறைக்க விரும்பவில்லை. புதியவர்கள் பெரும்பாலும் பகுதிநேரமாகத்தான் தொடங்குவார்கள். கடமை நேரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு, மாதச் சம்பளம் அல்ல. கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் அதற்குள் அடங்குவது கடினம். காலை 5 மணி ஒலிபரப்பு என்றால் 4 மணிக்கு வாகனம் யார் அனுப்புவது என்பதை, பெண்பிள்ளை என்பதால் மட்டுமல்ல, யாரானாலும் முதலிலேயே கேட்கவேண்டும். விளம்பரக் குரல், கோயில் திருவிழா வர்ணனை, விழாத் தொகுப்பு என்று பக்கவரும்படி பிறகு வரும். அதனால் பட்டப்படிப்பை விடவேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கலாம், யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கிறது. படித்துக்கொண்டே அட்டாளைச்சேனையில் இருக்கும் பிறை எப்.எம். போன்ற பக்கத்து நிலையத்தில் வாய்ப்புக் கேட்பது கொழும்புக்கு ஓடுவதைவிட மலிவு.

அனுப்பும் குரல்பதிவு 3 நிமிடம் தாண்டக்கூடாது. ஒரு நிமிடம் செய்தி, ஒரு மரண அறிவித்தல், மிச்ச நேரம் தாளில்லாமல் ஊர்ச் சந்தையைப் பற்றிச் சொந்தப் பேச்சு. பின்னணி இசை போட்டால் குரலின் குறையை மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். கோப்பின் பெயரிலேயே மகளின் பெயரும் ஊரும் இருக்கட்டும்.