ஒரே நாணயம், தனித்தனிக் கடன்

கேள்வி: யூரோ என்ற ஒரே நாணயத்தை வைத்திருக்கும் நாடுகள் கடனை மட்டும் தனித்தனியாக வாங்குவது ஏன்? கிரேக்க நாடு பட்ட பாட்டுக்குப் பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1999-இல் 11 நாடுகள் யூரோவைத் தொடங்கியபோது, வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியிடம் ஒப்படைத்தன, வரி விதிப்பதையும் செலவிடுவதையும் கடன் வாங்குவதையும் தத்தம் கையிலேயே வைத்துக்கொண்டன. ஒரு நாட்டின் கடனுக்கு இன்னொரு நாடு பொறுப்பாகாது என்று 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் விதித்திருந்தது. மற்றவர் செலவழித்துவிட்டுக் கணக்கைத் தங்களிடம் நீட்டிவிடுவார்களோ என்ற ஜெர்மானியரின் அச்சம் அதன் பின்னால் இருந்தது. அது நியாயமற்ற அச்சமன்று. ஆனால், அரசின் ஆண்டுப் பற்றாக்குறை நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை ஜெர்மனியும் பிரான்சுமே மீறியபோது, 2003-இல் அவற்றின் மீதான நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரேக்கத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2001-இல் யூரோவில் சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய ஜெர்மனிக்குரிய வட்டியிலேயே கடன் பெற்றுவந்த அந்நாட்டில், உண்மையான பற்றாக்குறை சொல்லப்பட்டதைப் போல் இருமடங்கு என்று 2009 அக்டோபரில் புதிய அரசு அறிவித்ததும் கடன் கொடுத்தோரின் நம்பிக்கை சரிந்தது. சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்க முயன்றிருக்கலாம். அந்த வழி அடைபட்டிருந்ததால் ஊதியமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. 2010, 2012, 2015 என மூன்று முறை கடனுதவி வந்தது. அதில் பெரும்பங்கு பழைய கடனை அடைக்கவும் வங்கிகளைத் தாங்கவுமே போயிற்று. 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. முதல் கடனுதவித் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தவறுகள் நேர்ந்தன என்று, அதில் பங்கேற்ற பன்னாட்டு நாணய நிதியமே அதே ஆண்டு ஒப்புக்கொண்டது. கணக்கை மறைத்தவர்கள் ஆட்சியாளர்கள். வயிற்றைக் கட்டியவர்கள் ஓய்வூதியர்கள். இதை என்னால் வெறும் நிதி ஒழுங்கு என்று எழுதிவிட முடியவில்லை.

மாற்றம் 2020-இல்தான் வந்தது. கொரோனாவால் எந்த நாட்டையும் குற்றம் சொல்ல முடியாத நிலையில், ஐரோப்பிய ஒன்றியம் தன் பெயரிலேயே 75,000 கோடி யூரோ வரை கடன் திரட்ட ஒப்புக்கொண்டது; அதில் 39,000 கோடி உறுப்பு நாடுகளுக்குத் திருப்பித் தர வேண்டாத மானியமாக ஒதுக்கப்பட்டது. நெதர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளின் எதிர்ப்பால், இது ஒரு முறைக்கு மட்டுமே உரிய ஏற்பாடு என்று வரையறுக்கப்பட்டது.

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் ஈடுகொடுக்க ஆண்டுக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியை ஒன்றிய நாடுகள் சேர்ந்து வாங்கும் கடனாகத் திரட்டலாம் என்றும் 2024 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ திராகி அறிக்கை அளித்தபோது, ஜெர்மனியின் நிதியமைச்சர் உடனே மறுத்தார். ஆனால் 2025 மார்ச்சில் அதே ஜெர்மனி, தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உள்கட்டமைப்புக்காக 50,000 கோடி யூரோ கடன் வாங்க வழி செய்துகொண்டது. ஆண்டு உற்பத்தியை விஞ்சிய கடனை ஏற்கெனவே சுமக்கும் இத்தாலியால் அப்படிச் செய்ய இயலாது.