எந்த மீன் என்பதை ஆறு சொல்லும்: மஸ்கீகன் கேள்வி-பதில்

மிச்சிகனில் பனி உருக ஆரம்பித்தால் எனக்குக் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் மஸ்கீகன் ஆற்றைப் பற்றியவை. வார இறுதிகளில் நான் படகில் துடுப்புப் போடுவதும் க்ரோட்டன் அணைக்குக் கீழே, நுவேகோ பக்கம்தான். அதனால் இந்தத் தடவை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து அப்பா ஜூலை கடைசியில் வருகிறார். ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப்போகலாம் என்று மீன்பிடி கைடு ஒருவரைக் கேட்டால், "வேண்டாம், பாஸ் மீன் பிடிக்கலாம்" என்கிறார். வேறு கைடு பார்க்கட்டுமா? (நோவை)

வேண்டாம், அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். வருகிற காசை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

மஸ்கீகன் பனிமலையிலிருந்து இறங்கும் ஆறு இல்லை. க்ரோட்டன் நீர்த்தேக்கம் கோடை வெயிலில் காய்கிறது, அந்தத் தண்ணீர்தான் கீழே வருகிறது. ஜூலை பாதியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் எழுபதைத் தாண்டியிருக்கும் (எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு). ட்ரவுட்டுக்கு 50 முதல் 65 வரை சுகம். 68-க்கு மேல் போனால் நான் ட்ரவுட் பக்கமே போவதில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் உடம்புக்கோ அப்போதுதான் அதிகம் தேவை. தூண்டிலில் ஐந்து நிமிடம் போராடிய மீனை விட்டால் நன்றாகத்தான் நீந்திப் போகும். பத்தடி தள்ளிப் போய்ச் செத்து மிதந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை.

அதே வெந்நீர்தான் ஸ்மால்மவுத் பாஸுக்குக் கொண்டாட்டம். அதே படகு, அதே ஆறு, ஆனால் வேறு விளையாட்டு. காலை ஆறரைக்கு, கரையோர மேப்பிள் நிழல் தண்ணீரில் விழுந்திருக்கும்போது, பாப்பர் என்ற மிதக்கும் பொய் இரையை அந்த நிழலின் ஓரத்தில் போட வேண்டும். ஒரு சுண்டு சுண்டினால் 'பளக்' என்று சத்தம் வரும். வளையம் அடங்கும்வரை சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் தண்ணீர் வெடிக்கும். வெண்கல நிறம், சிவந்த கண், பிடிபட்டதும் இரண்டு மூன்று குதி.

அப்பா ஊரில் தக்கை போட்டுக் கெண்டை பிடித்தவராக இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. என் மாமா வந்திருந்தபோது, தக்கை முங்கினால் வெடுக்கென்று இழுத்துப் பழகிய கை, மீன் வாயை மூடுவதற்குள் பாப்பரைப் பிடுங்கிவிட்டது. ஐந்து முறை. ஆறாவது முறை நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

எந்த மாதம் எந்த மீன் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? (ட்ராய்)

பட்டியல் தந்தால் அதை நம்பி லீவு போடுவீர்கள், அந்த வாரம் மழை கொட்டும். தோராயமாகச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் மிச்சிகன் ஏரியிலிருந்து முட்டையிட வரும் ஸ்டீல்ஹெட் (ஒரு வகை ட்ரவுட்). வால்ஐ (walleye) என்ற மீனும் அப்போது கூட்டமாக ஏறி வரும், ஆனால் அதற்கு அந்த நேரத்தில் சீசன் மூடியிருக்கும். ஏப்ரல் கடைசி சனிக்கிழமைதான் திறக்கும். மே, ஜூனில் பூச்சிகள் பொரித்துக் கிளம்ப, ட்ரவுட் மேலே வந்து தின்னும். ஃப்ளை தூண்டில் (பூச்சி மாதிரிச் செய்த பொய் இரையை வீசுவது) பழக இதைவிட நல்ல சமயம் கிடையாது. பிறகு செப்டம்பர்வரை ஸ்மால்மவுத். அதற்கப்புறம் சினூக் சால்மன். அக்டோபர் கடைசியில் சால்மன் முட்டைகளைத் தின்ன, ஏரியிலிருந்து மறுபடி ஸ்டீல்ஹெட்.

கிளம்புவதற்கு முதல் நாள் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை) தளத்தில் க்ரோட்டன் அளவியைப் பாருங்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அங்கே தெரியும். காலண்டரைவிட நான் நம்புவது அதைத்தான்.

போன செப்டம்பரில் அணைக்குக் கீழே பார்த்தேன். சிலர் கம்பை ஓங்கி ஓங்கி இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு வாலில் குத்திய சால்மன் வந்தது, அதைப் பையில் போட்டுக்கொண்டார். இது சரியா? (கிராண்ட் ரேப்பிட்ஸ்)

சரியே இல்லை. வாயில் மாட்டாத மீனைத் திருப்பி விட வேண்டும் என்பதுதான் மிச்சிகன் சட்டம். வேண்டுமென்றே உடம்பில் முள் குத்தி இழுப்பது தனிக் குற்றம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், ஆற்றுக்குள் வந்த சினூக் இரை தின்பதை நிறுத்திவிடுகிறது. முட்டையிடும், சாகும், அவ்வளவுதான் அதன் திட்டம். பசியில்லாத மீனைக் கடிக்க வைக்கப் பொறுமை வேண்டும். விடியற்காலையில், ஆழமான மடுவில், எரிச்சல் வருகிற மாதிரி எதையாவது அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோனால் கோபத்தில் கவ்வும். முட்டையிடும் சரளைத் திட்டில் நிற்கும் மீனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இந்த மீன் இந்த ஊர்க்காரனே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கடலிலிருந்து கால்வாய் வழியாகப் புகுந்த ஏல்வைஃப், நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம், மிச்சிகன் ஏரியில் கட்டுக்கடங்காமல் பெருகியது. அதைத் தின்ன வேண்டிய ஏரி ட்ரவுட்டை லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி ஏற்கெனவே அழித்திருந்தது. மாநில மீன்வளத் துறையின் ஹோவர்டு டானர் பசிபிக் பக்கத்திலிருந்து சால்மன் கொண்டுவந்தார். 1966-இல் கோஹோ என்ற சால்மன் வகையின் குஞ்சுகள், அடுத்த ஆண்டு சினூக். அதே 1967-இல் ஏல்வைஃப் செத்து ஏரிக்கரை முழுக்க நாறியது. இன்று செப்டம்பரில் நாம் கூட்டம் கூடுவதெல்லாம் அந்த முடிவால்தான்.

பிடித்த சால்மனில் குழம்பு வைக்கலாமா? (கேன்டன்)

வைக்கலாம், ஆனால் நம்மூர் வழக்கப்படி வேண்டாம். 1979-இல் தடை செய்யப்பட்ட பிசிபி என்ற ரசாயனம் இன்னும் அடிவண்டலில் இருக்கிறது. மீனின் கொழுப்பில் சேர்கிறது. வயசான, பெரிய மீனில் அதிகம். தோலையும், வயிற்றுக் கொழுப்பையும், முதுகிலும் பக்கவாட்டிலும் ஓடும் கறுத்த சதையையும் வெட்டி எறிந்துவிட்டு, கொழுப்பு சொட்டி வடிகிற மாதிரி கம்பி மேல் சுட்டால் பெருமளவு போய்விடும். குழம்பில் அது எங்கேயும் போகாது, புளியோடு சேர்ந்து தட்டுக்கு வந்துவிடும். ஆகவே சுத்தம் செய்த சதையை மட்டும் போடுங்கள். மீன் தலைக் குழம்பு ஆசையைக் கடல் மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் வருத்தம்தான்.

பாதரசமும், பிஎஃப்ஏஎஸ் என்ற எளிதில் சிதையாத ரசாயனங்களும் வேறு கதை, வெட்டினாலும் சுட்டாலும் போகாது. மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாநில சுகாதாரத் துறை 'ஈட் சேஃப் ஃபிஷ்' என்ற பெயரில் ஆறு வாரியாக வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் கட்டாயம் பாருங்கள்.

ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ ட்ரவுட்டும் ஒன்றா? (ஆன் ஆர்பர்)

ஒன்றேதான். ஆற்றிலேயே தங்கினால் ரெயின்போ, ஏரிக்கோ கடலுக்கோ போய்க் கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் வெள்ளைக்காரர்கள் விட்டதும் இதே இனம்.

கைடிடம் என்ன கேட்க வேண்டும்? நாங்கள் என்ன கொண்டுபோக வேண்டும்? (நோவை, ட்ராய், லான்சிங்)

மாநில கைடு உரிமம் இருக்கிறதா, கம்பும் வேடர்ஸும் (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நீர்புகா உடை) அவரே தருவாரா, தண்ணீர் சரியில்லை என்றால் தேதி மாற்றுவாரா. மூன்றாவது கேள்விக்கு முகம் கோணினால் வேறு ஆளைப் பாருங்கள். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டும், அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் எடுத்தாலும் போதும். டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம், மீன் கிடைக்காத நாளிலும். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். தண்ணீருக்குள் பார்ப்பதற்கு மட்டுமல்ல, பக்கத்து ஆள் வீசும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கவும்.

ஜனவரியில் ஸ்டீல்ஹெட்டுக்குப் போவது பைத்தியக்காரத்தனமா? (ட்ராய்)

ஆமாம். நானும் போகிறேன். ஆறு 34 டிகிரியில் இருக்கும்போது மீன் அசையவே யோசிக்கும், ஆழமான மந்த நீரில் இரையை மூக்கு வரை கொண்டுபோக வேண்டும். கம்பு வளையங்களில் ஐஸ் கட்டி தங்கூசி ஓடாது; நான் உதட்டுக்குத் தடவும் லிப் பாமை அதில் தடவிவிடுவேன். வேடர்ஸ் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். முதல் வருடம் நான் கட்டாமல் இறங்கி, பாசிக் கல்லில் வழுக்கி, இடுப்புவரை உள்ளே தண்ணீர் ரொம்பி, கரையேற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மீன் கிடைத்தால் படம் எடுக்கத் தூக்க வேண்டாம், அந்தக் குளிரில் செவுள் உறைந்துவிடும். வலைக்குள், தண்ணீரிலேயே வைத்து எடுங்கள்.