கேபிள் வேணாம் தம்பி, ஜன்னல்ல ஒரு ஆன்டெனா போதும்

தம்பி, டாலஸ் வந்து மூணு மாசம் ஆச்சு, திங்கக்கிழமை ஆனா ஆபீஸ்ல எல்லாரும் டாலஸ் ஃபுட்பால் டீம் கவ்பாய்ஸ் பத்தியே பேசுறாங்க, கேபிள் எடுக்காம கம்மி செலவுல என்எஃப்எல், அதாவது இந்த ஊர் ஃபுட்பால் லீக், பாக்க வழி இருக்கான்னு கேட்டிருக்கீங்க, கூடவே கார் இன்சூரன்ஸ், நல்ல மெஸ்னு வேற கேள்வியும். அதெல்லாம் உங்க டீம்ல யாரக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. டிவி விஷயத்துலதான் நம்ம ஆளுங்க புதுசா வர்றவங்களுக்குத் தப்பா வழி காட்டுறாங்க, அத மட்டும் விவரமா சொல்றேன்.

மாசாமாசம் யாருக்கும் காசு கட்ட வேண்டாம். ஞாயித்துக்கிழமை பகல் கேம் பெரும்பாலும் ஃபாக்ஸ் இல்ல சிபிஎஸ், ராத்திரி கேம் என்பிசி, எல்லாமே காத்துல ஃப்ரீயா வர்ற சேனல், டாலஸ்ல சேனல் நம்பர் வரிசையா 4, 11, 5. திங்கக்கிழமை கேம் ஈஎஸ்பிஎன்ங்கிற காசு கட்டுற சேனல்ல, சிலது ஃப்ரீயா வர்ற ஏபிசிலயும் வரும், அது இங்க 8. வியாழக்கிழமை கேம் 2022லேர்ந்து அமேசான் பிரைம்ல. ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், கவ்பாய்ஸ் கேம் ஈஎஸ்பிஎன்ல வந்தாலும் பிரைம்ல வந்தாலும் டாலஸ் ஏரியால ஒரு லோக்கல் சேனல்லயும் அது வந்தே ஆகணும், என்எஃப்எல் அப்படித்தான் வச்சிருக்கு. ஆக, கவ்பாய்ஸ் மட்டும் பாக்கணும்னா சீசன் முழுக்க செலவே இல்ல. யூட்யூப்ல விக்கிற சண்டே டிக்கெட்ங்கிற பேக்கேஜ் வெளியூர் டீம் ஃபேன்ஸுக்கு, உங்களுக்குத் தேவையே இல்ல.

ஆன்டெனா 20, 30 டாலருக்குள்ள முடிஞ்சிடும். அட்டைல 4கேன்னும் 200 மைல் ரேஞ்ச்னும் போட்டிருக்கிறத நம்பிக் கூடக் காசு குடுக்காதீங்க, பூமி வளைஞ்சிருக்கு, வீட்டுக்குள்ள வைக்கிற ஆன்டெனாவுக்கு அவ்வளவு தூரத்து சிக்னல் வராது. டாலஸ் டவர் எல்லாம் தெக்க சீடர் ஹில்ல இருக்கு, நீங்க டாலஸ் பக்கத்து ஊரான இர்விங்ல இருந்தா 25 மைலுக்குள்ள, வடக்க ஃப்ரிஸ்கோன்னா சுமார் 40 மைல். அதனால தெக்கப் பாத்த ஜன்னல்ல வைங்க. தட்டையா பேப்பர் மாதிரி வர்ற ஆன்டெனால 8 சரியா எடுக்காம போகலாம், அது விஎச்எஃப்ங்கிற நீள அலைல வர்ற சேனல், ரெண்டு கம்பி நீட்டுற பழைய மாடல் அதுக்கு நல்லது. கொடைக்கானல் பக்கம் ஆன்டெனாவத் திருப்பித் தூர்தர்ஷன் பாத்த ஊர்க்காரன் நான், டவர் எந்தத் திசைன்னு தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சுது.

அபார்ட்மென்ட் ஆபீஸ்ல ஆன்டெனா கூடாதுன்னு சொல்லுவாங்க. என்கிட்டயும் சொன்னாங்க, லெட்டரே ஒட்டினாங்க. உங்க வீட்டுக்கு மட்டும்னு இருக்கிற பால்கனிக்குள்ள வச்சுக்க 1996ல வந்த ஃபெடரல் ரூல் இருக்கு, 1999லேர்ந்து வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் அது உண்டு, பொதுச் சுவர்லயும் கூரைலயும்தான் உரிமை இல்ல. அத எழுதிக் குடுத்தேன், பேச்சு நின்னுது. இந்த ஊர்ல சட்டம் தெரிஞ்சு மரியாதையா பேசினா காது குடுப்பாங்க, பயந்து ஒதுங்கினாத்தான் ஏறி மிதிப்பாங்க.

இப்ப எச்சரிக்கை. கேபிள்காரன் சொல்ற ரேட் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்குத்தான், அதுக்கு மேல பாக்ஸ் வாடகை, லோக்கல் சேனல் ஃபீஸ், ஸ்போர்ட்ஸ் ஃபீஸ்னு பில்லுல வரி வரியா ஏறும், ஃப்ரீயா காத்துல வர்ற சேனலுக்கே ஃபீஸ் வாங்குறானேன்னு எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. நான் வந்த புதுசுல கிரெடிட் ஹிஸ்டரி இல்லன்னு ஒரு கம்பெனி டெபாசிட் கேட்டுச்சு, ஊருக்கு அனுப்ப வச்சிருந்த பணம் அது. இன்னொண்ணு, நம்ம ஆளுங்களே கெட்-டுகெதர்ல விக்கிற "எல்லா சேனலும் வரும்" பாக்ஸ், அது திருட்டு. விசால இருக்கிற பையன் அதுக்குக் கார்டு நம்பர் குடுக்கிறது எவ்வளவு ஆபத்து! விக்கிறவங்க சிட்டிசன் ஆகிட்டாங்க, அவங்களுக்குக் கவலை இல்ல.

நான் வந்தது 2008, இர்விங் வேலி ராஞ்ச்ல நாலு பேர் ஒரு ஃப்ளாட்ல. ரூம்மேட் ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போன குண்டு டிவி. 2009 ஜூன் 12ல பழைய அனலாக் சிக்னல நிறுத்தினாங்க, புது சிக்னல பழைய டிவில காட்டுற கன்வெர்ட்டர் பாக்ஸுக்கு கவர்மென்ட் 40 டாலர் கூப்பன் குடுத்துச்சு, அந்த டிவிலதான் டவுன், டச்டவுன்னு ஆட்டத்தோட விதியெல்லாம் கத்துக்கிட்டேன். அப்ப கவ்பாய்ஸோட ஹெட் ஆபீஸே வேலி ராஞ்ச்லதான், 2016லதான் ஃப்ரிஸ்கோ போனாங்க. கூரை நடுவுல ஓட்டையோட டெக்ஸாஸ் ஸ்டேடியமும் இர்விங்லதான் இருந்துச்சு, 2010 ஏப்ரல்ல காலைல வெடி வச்சு இடிச்சாங்க, கூட வேல பாத்த ஒரு பெரியவர், அப்பா கையப் புடிச்சு அங்க போனவர், கண்ணு கலங்கிட்டார். அதே தெருவுல வருஷக்கணக்கா குடியிருந்து கிரிக்கெட் தவிர எதுவும் எட்டிப் பாக்காத நம்ம குடும்பங்க எத்தனையோ, அப்புறம் "இவங்க நம்மளச் சேத்துக்க மாட்டாங்க"ன்னு குறை சொல்றது எனக்குப் பிடிக்கல. நாமளும் நாலடி போகணும்ல. அந்தப் பெரியவர்தான் நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார், வான்கோழி சாப்பிட மாட்டேன்னு எனக்குன்னு தனியா பீன்ஸும் சோளமும் பண்ணி வச்சிருந்தாங்க.

கவ்பாய்ஸ் தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு ஆடுறது 1966ல ஆரம்பிச்ச வழக்கம், டாலஸ் டைம் மத்தியானம் மூணரைக்கு. உங்களையும் யாராவது கூப்பிட்டா கண்டிப்பா போயிட்டு வாங்க. கூப்பிடலன்னா ஆன்டெனா மாட்டி முந்தின நாளே ஒரு தடவ சேனல் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க.