தம்பியின் நோயும் அக்காவின் கேள்வியும்

வணக்கம்.

என் தம்பிக்கு 36 வயது. மணமானவன், ஒரு மகன் இருக்கிறான். ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்தார். ஞாயிறு காலையில் கடைவீதி வரை நடந்து போய்வருகிறவன், மதியம் சோற்றைப் பிசைந்து உண்ண முடியாமல் தவிக்கிறான். அப்பா அதைச் சோம்பல் என்கிறார். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் பேத்தியின், அதாவது என் மகளின், கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறார். நான் உதவப் போனால், "என்னை நோயாளி ஆக்காதே அக்கா" என்று எரிந்து விழுகிறான். நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? எங்களுக்கும் இது வருமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தை சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் முதலில் மாற வேண்டியது அந்த எண்ணம்தான். காலையில் நடந்தவர் மதியம் முடங்குவது சோம்பல் அல்ல. மூளையில், உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் இந்நோய்க்கு லெவோடோபா முதன்மையான மருந்து. அது உடலில் நிற்கும் நேரம் குறைவு என்பதால், நாளடைவில் ஒரு வேளை மாத்திரையின் பயன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அந்த இடைவேளையைத்தான் மருத்துவர்கள் 'ஆஃப்' நேரம் என்கிறார்கள். இளவயதில், அதாவது 50 வயதுக்கு முன், நோய் தொடங்கியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கமும், மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடல் தானாக நெளியும் அசைவுகளும் முதியவர்களைவிட விரைவில் வருகின்றன. புரதம் மிகுந்த சாப்பாட்டோடு மாத்திரையை விழுங்கினால் அது உறிஞ்சப்படுவதும் குறையும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கறியோ மீனோ இருக்குமானால் இதையும் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை எடுத்த நேரம், உண்ட நேரம், கை கால் இறுகிய நேரம் ஆகியவற்றைச் சில நாட்கள் உங்கள் தம்பியே குறித்துவைக்கட்டும். மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைக்க மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும், உங்கள் தந்தையும் அதைப் பார்த்தால் மகனைப் புரிந்துகொள்வார்.

நீங்கள் உதவ வேண்டிய வேளையும் அந்தத் தாளிலிருந்தே தெரியவரும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் அவர் தாமே செய்யக்கூடியதை நீங்கள் செய்தால் அது அவருக்கு அவமானமாகத்தான் இருக்கும். முடங்கிய நேரத்திலும் கேட்ட பிறகே கை கொடுங்கள். சோறு பிசைய முடியவில்லை என்றால், ஊட்டப் போகாமல் அன்று எல்லோர் தட்டிலும் கரண்டி வைத்துவிடலாம். பெற்றோரிடமும் மனைவியிடமும் காட்ட முடியாத கோபத்தை, உடன் வளர்ந்த உங்களிடம்தான் அவரால் காட்ட முடிகிறது என்று நான் நினைக்கிறேன். அதற்காக விலகிப்போய்விடாதீர்கள். இது பல பத்தாண்டுகள் உடன் வரும் நோய். பெற்றோரின் காலத்துக்குப் பிறகும் அவருக்கு அக்கா வேண்டும், அவர் மனைவிக்கும் மாதத்தில் சில நாட்களாவது பொறுப்பை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும்.

குடும்பம் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற செலவு, கட்டுப்படாத பாலுணர்வு ஆகியவற்றைத் தூண்டும். நேற்றுவரை சிக்கனமாக இருந்தவர் திடீரெனக் கடன் வாங்கினால், அவர் ஒழுக்கத்தை விசாரிக்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்; மருத்துவரிடம் சொன்னால் மாற்றுவார், தாமாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயின் பகுதிகளே, அவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. வேறு காரணத்துக்காக அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், பார்க்கின்சன் இருப்பதை உடனே சொல்லுங்கள்: வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு டோபமைனைத் தடுப்பதால் நிலைமையை மோசமாக்கும்.

இனி உங்கள் தாயின் அச்சம். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல், 29 வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. 1998 வரை அவர் அதை உலகுக்குச் சொல்லவில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவுசெய்தார். உங்கள் தம்பிக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் அவராக மௌனம் காப்பது வேறு, உறவினர்களுக்கு அஞ்சிக் குடும்பம் அவர் வாயை அடைப்பது வேறு. பின்னதை நீங்கள் ஏற்கக் கூடாது என்றே உறுதியாகச் சொல்வேன். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பட்டியலிட்டிருக்கிறது. நோயை மறைத்துக்கொண்டே இருந்தால் அதற்குரிய சான்றிதழைக்கூட அவர் கேட்க முடியாது.

உங்களுக்கும் வருமா என்று கேட்பதில் தவறே இல்லை. பெரும்பாலானவர்களிடம் தனியொரு மரபணுக் காரணம் கண்டறியப்படுவதில்லை. கண்டறியப்படும் இளவயதினரிடம் மிகுதியாகக் காணப்படுவது, 1998-இல் அடையாளம் காணப்பட்ட பார்க்கின் மரபணுவின் மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் பொதுவாக இந்த வகை நோய் உண்டாகும். அப்படியானால் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. மாறிய பிரதி ஒன்று வந்தாலே நோயை உண்டாக்கக்கூடிய வேறு மரபணுக்களும் இருப்பதால், தம்பிக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். பார்க்கின் வகையாகவே இருந்தாலும், உங்கள் மகளுக்கு இது வர வேண்டுமானால் உங்கள் கணவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்திருக்க வேண்டும். வெளியாருக்குத் தெரியாமலிருக்க உறவுக்குள்ளேயே பெண்ணைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், அதைத்தான் தடுக்க வேண்டும், ஏனென்றால் அதே மாறிய பிரதி மணமக்கள் இருவரிடமும் இருந்து அடுத்த தலைமுறையில் சேரும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில்தான் கூடுகிறது.

அன்புடன்.